வளையல் இறுகும்போதே வாருங்கள்: மார்பக அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் கை வீக்கம்

சென்ற ஆண்டு ஒரு அம்மா வந்தார். 54 வயது, பூ கட்டி விற்பவர். இடது மார்பில் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் ரேடியேஷனும் முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. "ஈரத்துணியைச் சுத்தி வச்ச மாதிரி கை கனமா இருக்கு மேடம்" என்றார். வளையல் கழலாமல் உடைத்து எடுத்திருக்கிறார்கள். மணிக்கட்டில் அதன் தடம் இன்னும் பள்ளமாகத் தெரிந்தது. முழங்கைக்கு மேலே ஆங்காங்கே கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தது. அது நோயால் வந்ததல்ல. வீக்கம் வடியட்டும் என்று யாரோ ஒருவரிடம் கூட்டிப்போய், மூன்று வாரம் தைலம் போட்டு அழுத்தி நீவியதால் வந்தது.

இத்தனை வருடமாக இந்த வேலையைச் செய்யும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில், இந்தத் தைலக் கையைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். அன்போடு செய்கிறார்கள், அதனால் யாரும் தடுப்பதும் இல்லை.

காலில் முள் குத்தினால் தொடையிடுக்கில் நெறி கட்டும் அல்லவா? அந்த நெறிதான் நிணநீர்க் கணு. ரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரில் ஒரு பகுதி, ரத்தத்துக்கு நேராகத் திரும்புவதில்லை. அது மெல்லிய நிணநீர்க் குழாய்களில் ஏறி, கணுக்களில் வடிகட்டப்பட்டு, கழுத்தடியில் உள்ள பெரிய சிரைகளில் போய்ச் சேர்கிறது. ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படி ஒரு பம்ப் கிடையாது. குழாய்கள் தாமே மெதுவாகச் சுருங்குவதும், தசை அசைவதும், மூச்சு இழுத்து விடுவதும்தான் அதைத் தள்ளுகின்றன.

அக்குளில் இப்படிச் சுமார் 20 முதல் 30 கணுக்கள் உண்டு. புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கவும், பரவியதை நீக்கவும் அவற்றை எடுக்க வேண்டி வருகிறது. ரேடியேஷன் கொடுத்தால் மிச்சமுள்ள பாதையும் தழும்பேறி இறுகலாம். அக்குள் கணுக்களை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. முதல் சில கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறையில் இது இருபதில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் தலைகாட்டும். பல வருடம் கழித்து வந்தவர்களும் இருக்கிறார்கள்.

தேங்கி நிற்பது வெறும் தண்ணீர் என்றால் இவ்வளவு கவலை இல்லை. அதில் புரதம் நிறைய இருக்கிறது. ஆரம்பத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும், ராத்திரி கையை உயர்த்தி வைத்துப் படுத்தால் காலையில் குறைந்திருக்கும். மாதக்கணக்கில் விட்டால் அந்த இடத்தில் நாரும் கொழுப்பும் சேர்ந்து கை கெட்டிப்படும். அப்புறம் கையை எவ்வளவு உயர்த்தி வைத்தாலும் முழுதாக வடியாது. அதனால்தான் வளையல் இறுகுகிறது, மோதிரம் திருகவில்லை, ஜாக்கெட்டின் ஒரு கை மட்டும் பிடிக்கிறது என்ற கட்டத்திலேயே வரச் சொல்கிறேன். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இது பல சமயம் வலிக்கவே வலிக்காது.

சரி, இந்த வீக்கத்தை வடிக்க நாங்கள் செய்வதை நிணநீர் வடிகால் மசாஜ் என்கிறோமே, அது என்ன? டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிடும் 1930களில் பிரான்சில் இருந்தபோது உருவாக்கிய முறை இது. எண்ணெய் வேண்டாம். உள்ளங்கையைத் தோலின் மேல் வைத்து, தோல் மட்டும் நகரும் அளவுக்கு மெதுவாக இழுத்து விட வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் வரும் பலரும் "இவ்வளவுதானா, இன்னும் கொஞ்சம் அழுத்துங்க" என்பார்கள். நிணநீரை முதலில் உறிஞ்சும் நுண்குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கின்றன. அழுத்தினால் அவை நசுங்கும். தசையில் ரத்த ஓட்டம் கூடி, கசியும் நீரும் கூடும். அந்த அம்மாவின் கை தைலத்துக்குப் பிறகு இன்னும் பருத்ததற்கு இதுவும் காரணம்.

எங்கே தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். வீங்கிய கையை முதலில் தொடுவதே இல்லை. கழுத்து, அப்புறம் நல்ல பக்கத்து அக்குள், இடுப்புக்குக் கீழே தொடையிடுக்கு, அதன் பிறகு மார்பும் முதுகும். கடைசியில்தான் மேற்கை, முழங்கை, விரல்கள். இதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாவின் கணவர் டெல்டாவில் விவசாயம் பார்த்தவர். "வடிகால் அடைச்சிருந்தா மேல எவ்வளவு தள்ளினாலும் தண்ணி வயல்லதாம்மா நிக்கும்" என்றார். நான் பத்து நிமிடம் விளக்கியிருக்க வேண்டியதை ஒரே வரியில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் தினமும் மனைவிக்கு அவரே செய்துவிட்டார். மசாஜைப் பொறுத்தவரை, அவர் கை தப்பாமல் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்ப்பதோடு என் வேலை முடிந்தது.

ஆனால் மசாஜ் மட்டும் போதாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மசாஜுக்கு மட்டும் வந்துவிட்டுக் கட்டுப் போடாமல் போகிறவர்கள் அதிகம். வடித்த நீர் சில மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும். அதைத் தடுப்பது கட்டுதான். மெடிக்கலில் கிடைக்கும் கிரேப் பேண்டேஜ் இதற்கு உதவாது, அது ரொம்ப இழுபடும். எங்களுக்கு வேண்டியது அதிகம் இழுபடாத பேண்டேஜ். கை அசையும்போது தசை அந்தக் கட்டின் மேல் மோதி நீரை மேலே தள்ளும். விரல்களுக்குத் தனிக் கட்டு, அப்புறம் பஞ்சு, அதன் மேல் பேண்டேஜ் என்று அடுக்கடுக்காகக் கட்டுவோம். இரண்டு முதல் நான்கு வாரம் தினமும் இப்படிச் செய்து கை இறங்கிய பிறகு, அளவெடுத்து அழுத்த உறை வாங்க வேண்டும். வீங்கியிருக்கும்போதே அளவெடுத்து வாங்கிய உறையால் பயனில்லை. பகலில் போட்டு, படுக்கும்போது கழற்றி, துவைத்துக் காயவைக்க வேண்டும். ஆறு மாதத்தில் பிடிப்பு தளர்ந்துவிடும், புதிது வாங்கியாக வேண்டும்.

தோலைப் பற்றி ஒன்று. பூ கட்டும்போது நனைத்த வாழைநாரை விரலிடுக்கில் இழுத்து இழுத்து அங்கே வெடிப்பு விழும். ரோஜா முள்ளும் குத்தும். மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லை. நீர் தேங்கிய கையில் அந்த வெடிப்பு வழியாகக் கிருமி நுழைந்தால் ஒரே ராத்திரியில் கை சிவந்து, சுட்டு, குளிர்க்காய்ச்சல் வரும். அப்போது மசாஜ் செய்யவே கூடாது. அன்றே மருத்துவரிடம் போய் ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும். கை திடீரென்று வலியோடு வீங்கினால் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்த பிறகுதான் எங்களிடம் வர வேண்டும். இதயம் அல்லது சிறுநீரகம் பலவீனமாக உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். நெடுநாள் கழித்துப் புதிதாக வீக்கம் வந்தால் முதலில் ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் காட்டுங்கள். நோய் திரும்பவில்லை என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"அந்தக் கையால ஒரு வேலையும் செய்யாதே" என்று வீட்டில் சொல்வார்கள். தவறு. அமெரிக்காவில் 2009இல் வெளியான ஒரு ஆய்வில், கண்காணிப்போடு படிப்படியாக எடை தூக்கிய பெண்களுக்கு வீக்கம் கூடவில்லை. அந்தக் கையில் ஊசி போடாதீர்கள், பிரஷர் பார்க்காதீர்கள் என்று நாங்களும் வழக்கமாகச் சொல்கிறோம். முடிந்தால் மறு கையைக் கொடுங்கள். அவசரத்தில் ஒருமுறை அந்தக் கையில் போட்டுவிட்டார்களே என்று தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். அதனால் வீக்கம் வருவதாகச் சமீப ஆய்வுகள் காட்டவில்லை.

பார்லர்களில் இதே பெயரில் "உடல் கழிவை வெளியேற்றும் மசாஜ்" என்று விற்கிறார்கள். ஆபரேஷன் ஆன உடம்பை அங்கே கொடுக்காதீர்கள். மூட்டு மாற்று, கொழுப்பு நீக்கும் ஆபரேஷன் முடிந்தவர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்கு வேண்டுமா, எப்போது என்பதை அந்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அந்த அம்மா வந்த அன்று இரண்டு கைக்கும் முழங்கைக்கு மேல் 5 செ.மீ. வித்தியாசம் இருந்தது. மூன்று வாரம் கட்டுப் போட்ட பிறகு 2 செ.மீ. இப்போது உறையும், விரலுக்கு மெல்லிய கையுறையும் போட்டுக்கொண்டு பூ கட்டுகிறார். மாதம் முதல் தேதி அவர் மகள் தையல் டேப்பால் இரண்டு கையையும் ஒரே இடத்தில் அளந்து காலண்டரில் எழுதி வைக்கிறார். ஆடியில் 1 செ.மீ. கூடியிருந்ததும் எனக்குப் போன் வந்தது. பத்து நாள் மறுபடி கட்டுப் போட்டோம், இறங்கிவிட்டது.