ஐஸ் ஹாக்கி நாட்டணி: சொல் விளக்கம்

உறைந்த நீர்த்தளத்தின் மீது, எஃகு அலகு பொருத்திய காலணி அணிந்து, அணிக்கு அறுவராக நின்று, நுனி வளைந்த கோலால் கருநிற ரப்பர் வட்டு ஒன்றை எதிரணியின் வலைக்குள் செலுத்தும் ஆட்டம் ஐஸ் ஹாக்கி. இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக அது ஆடப்படுகிறது. ஒரு நாட்டின் பெயரால் இவ்வாட்டத்தில் களமிறங்கும் அணியை ‘ஐஸ் ஹாக்கி தேசிய அணி’ என்று தமிழ் நாளேடுகள் எழுதுகின்றன. இத்தொடரில் உள்ள நான்கு சொற்களில் ‘அணி’ ஒன்றே தமிழ் என்பதால், மற்ற மூன்றும் எங்கிருந்து வந்தன, அவற்றுக்கு ஈடாக நாம் எதைச் சொல்லலாம் என்று பார்ப்பது பயனுடையது.

திருநெல்வேலிச் சீமையில் ‘ஹாக்கி’ அயற்சொல்லாக ஒலிப்பதில்லை. 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்திருக்கும் கோவில்பட்டி, தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் எவ்வளவு பேர்போனதோ அவ்வளவு ஹாக்கிக்கும் பேர்போனது. அகில இந்தியப் போட்டிகள் நடக்கும் செயற்கைப் புல்தளம் அங்கே இருக்கிறது. 2022 ஆசியக் கோப்பையில் ஆடிய இந்திய அணியில் அவ்வூர் மாரீஸ்வரன் சக்திவேல் இடம்பெற்றார். அந்த ஊரில் ஹாக்கி என்றால் தரையில் ஆடும் ஆட்டம்தான். பனித்தளத்தில் ஆடுவதைக் குறிக்க வேண்டுமானால் முன்னால் ‘ஐஸ்’ சேர்த்தாக வேண்டும். கனடாவில் நிலைமை நேர்மாறானது: அங்கே வெறும் ‘ஹாக்கி’ பனித்தள ஆட்டத்தைக் குறிக்கும், தரையில் ஆடுவதற்கே ‘ஃபீல்டு’ என்னும் அடைமொழி தேவைப்படும். எந்த ஆட்டத்துக்கு அடைமொழி வேண்டியிருக்கிறது என்பதைக் கொண்டே, எது ஒரு மண்ணில் வேரூன்றியது, எது பின்னால் வந்தது என்று சொல்லிவிடலாம்.

‘ஹாக்கி’ என்னும் சொல்லின் பிறப்பு இன்னும் ஐயத்துக்கு இடமானதே. 1527-இல் அயர்லாந்தின் கால்வே நகரம் இயற்றிய ஆணை ஒன்று, சிறு பந்தை ‘ஹாக்கி’க் கோல்களால் அடித்தாடுவதைத் தடை செய்தது. ஆட்டத்தின் பெயராகவே இச்சொல் இங்கிலாந்தில் அச்சேறியது 1773-இல். பழைய பிரெஞ்சு மொழியில் ஆயர் கைக்கோலைக் குறித்த ‘ஹொக்கே’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது பலரும் சொல்லும் விளக்கம். கொக்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு உறவுடையது என்பது மற்றொன்று. இரண்டில் எது சரியாக இருந்தாலும் சொல்லின் கருவில் இருப்பது நுனி வளைந்த ஒரு தடிதான். சங்கரன்கோவில், கயத்தாறுப் பக்கத்து ஆட்டுக்காரர் வேலமரக் கொப்பை வளைத்து இழுக்கத் தோளில் கொண்டு போகும் தொரட்டியைப் பார்த்தவருக்கு, ஆயர் கோலிலிருந்து ஓர் ஆட்டத்தின் பெயர் பிறந்தது என்பது நம்ப முடியாத செய்தியாகத் தோன்றாது. ஆடு ஓய்ந்து நிற்கும் வேளையில் கையில் கோலும் காலடியில் உருண்டைக் கல்லும் இருந்தால் ஆட்டம் தானே பிறக்கும்.

எழுத்துக்கூட்டல் பற்றியும் ஒரு சொல். கிரந்த எழுத்தைத் தவிர்க்க விரும்பும் நாளேடுகள் ‘ஆக்கி’ என்று எழுதுகின்றன. நோக்கம் நல்லதே. ஆனால் ‘ஆக்கி’ தமிழில் ஏற்கெனவே நடமாடும் வினையெச்சம். ‘சோறாக்கி இறக்கினாள்’ என்று நாள்தோறும் சொல்லும் வாய்க்கு, ‘இந்திய ஆக்கி அணி’ என்ற தலைப்பு சமையல்கட்டுச் செய்தியாகவும் ஒலிக்கக்கூடும். ஒலிபெயர்ப்பே போதும் என்றால் ‘ஹாக்கி’ என்றே எழுதிவிடுவது குழப்பமற்றது.

இவ்வாட்டம் பனித்தளத்துக்கு ஏறிய கதையில்தான் தமிழ்ச்சொல் தேடுவோருக்குத் தேவையான குறிப்பு இருக்கிறது. 1875 மார்ச் 3 அன்று கனடாவின் மான்ட்ரியல் நகரில், விக்டோரியா சறுக்கு அரங்கில், ஜேம்ஸ் கிரைட்டன் முன்னின்று நடத்திய ஆட்டமே கூரையின் கீழ் ஒழுங்குமுறையோடு ஆடப்பட்ட முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டமாகக் கொள்ளப்படுகிறது. அன்று ஓர் அணிக்கு ஒன்பது பேர். வெளியில் ஆடியதுபோல் பந்து வைத்து ஆடினால் அது எகிறிப் பார்வையாளர் மேல் விழும் என்பதால், மரத்தில் செய்த தட்டையான வட்டு ஒன்று பயன்படுத்தப்பட்டது. இவ்வட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பக்’ என்ற பெயர் அடுத்த ஆண்டே அச்சில் வந்துவிட்டது; அது குத்துதல், இடித்தல் என்று பொருள்படும் அயர்லாந்து அல்லது ஸ்காட்லாந்துக் கேலிக் மொழிச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பர். இன்றைய வட்டு கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பரால் ஆனது. எகிறாமல் இருக்க ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பார்கள். அதன் எடை 156 முதல் 170 கிராம். கோவில்பட்டித் தளத்தில் உருளும் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். எடையில் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இவ்விரண்டையும் பிரிப்பது வடிவம்தான்.

தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் இந்த வடிவ வேறுபாட்டில்தான் இடறுகின்றன. தரையில் ஆடும் ஹாக்கிக்கு ‘வளைகோல் பந்தாட்டம்’ என்ற பெயர் நிலைபெற்றுள்ளது. அது நல்ல பெயர், கருவியையும் ஆடுபொருளையும் ஒருங்கே சொல்லிவிடுகிறது. அதன் முன்னால் ‘பனி’ என்று சேர்த்து ஐஸ் ஹாக்கிக்கும் பயன்படுத்துவோர், பந்தே இல்லாத ஆட்டத்தில் பந்தைக் கொண்டுவந்து வைக்கின்றனர். பந்தை நீக்கி ‘வளைகோலாட்டம்’ என்றால் கும்மியும் கோலாட்டமும் ஆடும் பெண்கள் நினைவுக்கு வருவர். ‘வளைதடியாட்டம்’ என்றும் எழுதுகிறார்கள். ஆனால் ‘வளைதடி’ தென்பாண்டிச் சீமையில் வேறொரு கருவிக்கு உரிய பெயர். பாளையக்காரர் காலத்தில் எறிந்து தாக்கப் பயன்பட்ட வளரியை அது குறிக்கும். பாஞ்சாலங்குறிச்சிக் கதை கேட்டு வளர்ந்தவரிடம் வளைதடியாட்டம் என்றால் அவர் பனித்தளத்தை எண்ணமாட்டார்.

பழஞ்சொல்லே வேண்டும் என்பவர்கள் ‘செண்டு’ என்பதைப் பரிந்துரைக்கலாம். அய்யனார், சாஸ்தா திருமேனிகளின் கையில் காணப்படும் நுனி வளைந்த கோலுக்குச் செண்டு என்றுதான் பெயர்; பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிப் போகும் நெல்லை மக்களுக்கு அவ்வடிவம் புதியதன்று. பாண்டியன் மேருமலையைச் செண்டால் அடித்தான் என்னும் திருவிளையாடற் கதையிலும் வருவது இச்சொல்லே. விளையாடும் பந்தையும் செண்டு என்பதுண்டு. இத்தனை பெருமை இருந்தும் இன்று செண்டு என்றால் ஒன்று பூச்செண்டு, அல்லது சட்டையில் அடித்துக்கொள்ளும் வாசனைத் திரவியம். மீட்டெடுக்க முடியாத அளவுக்கு அச்சொல் இடம்பெயர்ந்துவிட்டது என்பதே என் கருத்து.

எனவே கோலை விட்டுவிட்டு, ஆடுபொருளைப் பிடிப்பதே சரியான வழி. வட்டு எறிதல் என்ற தடகளப் பெயரால் ‘வட்டு’ எல்லோருக்கும் தெரிந்த சொல். அதைவிட முக்கியம், வட்டு வைத்து ஆடுவதற்கு ‘வட்டாடுதல்’ என்ற வினையே தமிழில் இருந்திருக்கிறது. ‘அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்’ என்பது திருக்குறளில் கல்லாமை அதிகாரத்தின் முதற்குறள். பழைய உரை அங்கே வட்டாடலுக்கு உண்டை உருட்டல் என்று பொருள் கொள்கிறது. அது பனித்தள வட்டு அன்று என்பது சொல்லாமலே விளங்கும். ஆயினும் ஆடுபொருளும் அதற்கென வகுத்த அரங்கும் சேர்ந்ததே ஆட்டம் என்ற வரையறை அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ரிங்க்’ எனப்படும் தடுப்புச் சுவர் சூழ்ந்த தளத்துக்கு ‘அரங்கு’ பொருந்துகிறது. ‘பக்’ என்பதற்கு ‘வட்டு’ பொருந்துகிறது. ஐஸ் ஹாக்கிக்கு ‘வளைகோல் வட்டாட்டம்’ பொருந்துகிறது. தரையில் வளைகோல் பந்தாட்டம், பனித்தளத்தில் வளைகோல் வட்டாட்டம் என்று இரண்டும் இணையாக நிற்கும்.

‘ஐஸ்’ என்பதற்கு வெறும் ‘பனி’ போதாது. நம் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் தாமிரவருணிக் கரைப் புல்லில் நிற்பது. முன்பனி, பின்பனி என்று பருவத்துக்குப் பெயராவது. வானிலிருந்து பஞ்சுபோல் விழுவதையும், நீர் உறைந்து பாறையாவதையும் சேர்த்து அதே சொல்லால் குறித்துவிட்டோம். கட்டியாக விழுவதற்கு மட்டும் ஆலி, ஆலங்கட்டி என்ற தனிச்சொற்கள் உண்டு. தூத்துக்குடித் துறைமுகத்தில் மீன்பெட்டிக்குள் அள்ளிப் போடுவதை ஒருவரும் பனி என்பதில்லை; அது ஐஸ்தான். ஒருவரைப் புகழ்ந்து காரியம் சாதிப்பதை ‘ஐஸ் வைத்தல்’ என்னும் அளவுக்கு அச்சொல் நம்முடையதாகிவிட்டது. இவ்வாட்டத்துக்கு வேண்டியது கட்டித் தளம் என்பதால், அடைமொழி தேவைப்படும் இடத்தில் ‘பனித்தள’ என்று எழுதலாம். ‘தளம்’ என்ற பகுதி கடினத்தை உணர்த்திவிடும்.

இனி ‘தேசிய அணி’. ‘தேசம்’ வடசொல், ‘நாடு’ நம் சொல். ‘நாட்டணி’ என்பது சுருக்கமாகவும் இருக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது ‘அணி’யின் பழம்பொருள். ஒப்பனை, வரிசை என்பவற்றோடு படைவகுப்பு என்ற பொருளும் அதற்கு உண்டு. ஐஸ் ஹாக்கி நாட்டணிகளின் வரலாற்றில் இப்பொருள் வியப்பூட்டும் வகையில் பொருந்துகிறது. 1908-இல் பாரிஸில் பன்னாட்டு ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு தோன்றியது. 1920-இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் இவ்வாட்டம் முதன்முதலாக இடம்பெற்றபோது கனடாவின் பெயரில் ஆடித் தங்கம் வென்றது வின்னிபெக் ஃபால்கன்ஸ் என்னும் கழகம். 1948-இல் அவ்வாறு சென்றது கனடா விமானப்படையின் அணி. 1952-இல் எட்மன்டன் மெர்க்குரிஸ் கழகம். நாட்டுக்கென நிலையான ஓர் அணியைக் கட்டும் பணியைப் பாதிரியார் டேவிட் பாவர் 1963-இல் தொடங்கிய பிறகே, 1964 இன்ஸ்ப்ரக் ஒலிம்பிக்குக்குக் கனடா உண்மையான பொருளில் நாட்டணி ஒன்றை அனுப்பியது. மறுபுறம், 1956-இல் முதன்முறையாக ஒலிம்பிக்கில் ஆடியபோதே தங்கம் வென்ற சோவியத் நாட்டணியின் வலு, பெரும்பாலும் மாஸ்கோ இராணுவக் கழகத்திலிருந்து வந்தது. அவ்வீரர்கள் பெயரளவில் படைவீரர்களே.

இந்திய நாட்டணியும் இதற்கு விலக்கன்று. இராணுவம், லடாக் சாரணர் படை, இந்தோ திபெத்திய எல்லைக் காவல் படை ஆகியவற்றின் அணிகள்தாம் இங்கு இவ்வாட்டத்தைத் தாங்கி நிற்கின்றன. சிம்லாவில் 1920 முதலே இயற்கைப் பனித்தள அரங்கு இருந்தது. எனினும் ஆட்டக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் லடாக்கைச் சேர்ந்தவர்கள். லே நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், குளங்கள் குளிர்காலத்தில் தாமே உறைந்துவிடும். அந்த உறைந்த குளங்களே நெடுங்காலம் நாட்டணியின் பயிற்சிக்களமாக இருந்தன. பனி உருகியதும் பயிற்சியும் நின்றுவிடும். இந்திய ஐஸ் ஹாக்கிச் சங்கம் 1989-இல் பன்னாட்டுக் கூட்டமைப்பில் சேர்ந்தது. ஆயினும் ஆடவர் நாட்டணி முதல் பன்னாட்டுப் போட்டியில் ஆட 2009 வரை, இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அபுதாபியில் நடந்த அந்த ஆசியப் போட்டியில் அது தோல்விகளையே கண்டது. முழு அளவுச் செயற்கைத் தளத்தில் ஆடிப் பழகாத அணிக்கு வேறு முடிவு வந்திருந்தால்தான் வியப்பு. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் எழுப்பிய செயற்கைப் பனித்தளமும் பின்னர் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. ‘அரங்கின்றி வட்டாடி’ என்ற தொடரை இந்த நாட்டணிக்கு அப்படியே எழுதிவிடலாம்.

மகளிர் நாட்டணி பிந்தித் தொடங்கி முந்திச் சென்றது. 2016-இல் தைபேயில் முதன்முறை களமிறங்கி, 2017-இல் பாங்காக்கில் பிலிப்பீன்ஸ் அணியை 4-3 என்று வென்று தன் முதல் வெற்றியைப் பெற்றது. 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் அய்ன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. அச்செய்தியைத் தமிழில் எழுதும்போது ‘பெண்கள் ஐஸ் ஆக்கி தேசிய அணி’ என்பதற்கு மாற்றாக ‘இந்திய மகளிர் வட்டாட்ட நாட்டணி’ என்று எழுதினால் ஒரு சொல் குறைகிறது, பொருள் குறைவதில்லை. ஆட்டம் இன்னதென்று முதல் வரியிலேயே தெரியவேண்டும் என்பதால், கட்டுரையின் தொடக்கத்தில் ஒருமுறை ‘ஐஸ் ஹாக்கி எனப்படும் பனித்தள வளைகோல் வட்டாட்டம்’ என்று விரித்தெழுதிவிட்டு, பிறகு ‘வட்டாட்டம்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். வல்லினம் தொடர்ந்தால் ‘வட்டாட்டப் போட்டி’, ‘வட்டாட்டக் கூட்டமைப்பு’ என ஒற்று மிகும்.