டயர்: பட்டாவா, சூட்டா?

கட்டை வண்டி என்றால் மரச்சக்கரம். டயர் வண்டி என்றால் ரப்பர் சக்கரம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இந்த வேறுபாட்டை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாட்டுவண்டிக்கே பெயர் கொடுக்கும் அளவுக்கு டயர் என்ற சொல் ஊரோடு ஊராகிவிட்டது. அதற்குத் தமிழ் என்ன என்று தேடினால் உருளிப்பட்டை, சக்கரப்பட்டை என்ற சொற்கள் கிடைக்கின்றன. இரண்டும் பிழையில்லை. ஆனால் இரண்டிலும் ஒரு குறை இருக்கிறது. கொல்லையில் நிற்கும் சிறிய டிரெய்லரின் டயரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவருக்குத்தான் அந்தக் குறை சட்டென்று புரியும்.

முதலில் சொல்லின் வரலாறு. ஆங்கிலத்தில் டயருக்கும் ரப்பருக்கும் தொடக்கத்தில் எந்தத் தொடர்பும் கிடையாது. உடை, அணி என்று பொருள்படும் 'அட்டயர்' என்ற சொல் தலை தேய்ந்து டயர் ஆயிற்று என்பதே சொற்பிறப்பாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம். அட்டயர் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அது ஒழுங்குபடுத்து, அணியப்படுத்து என்ற பொருளுள்ள வினை. மரச்சக்கரத்தின் விளிம்பில் அறைந்த இரும்புத் தகடுகளைச் சக்கரத்தின் உடையாகக் கருதி, 15ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் இந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். களைத்துப்போதல் என்ற பொருளில் இதே ஒலியோடு வரும் ஆங்கில வினை வேறு குடும்பம்.

நம் ஊரில் அந்த இரும்புக்குப் பெயர் பட்டா. நிலத்துக்கு வாங்கும் பட்டா வேறு, இது வேறு. கொல்லர் பட்டாவைச் சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் சிறியதாக வளைத்து இணைப்பார். வரட்டியை வட்டமாக அடுக்கித் தீ மூட்டி, அதில் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சுவார். இரும்பு விரிந்த நேரத்தில் இரண்டு மூன்று பேர் குறடுகளால் தூக்கிவந்து சக்கரத்தின் மேல் இறக்கி, சம்மட்டியால் தட்டி உட்காரவைப்பார்கள். மரம் புகையத் தொடங்கியதும் குடம் குடமாகத் தண்ணீர். சீறிக்கொண்டு சுருங்கும் பட்டா, விளிம்பு மரமான வட்டையையும் ஆரக்கால்களையும் நடுவிலுள்ள குடத்தையும் ஒரே பிடியாக இறுக்கிவிடும். ஆக, தரையில் தேயாமல் காப்பது பட்டாவின் பாதி வேலைதான். சக்கரம் பிரிந்துபோகாமல் பிடித்து வைத்திருப்பதும் அதுவே. கோடையில் மரம் காய்ந்து பட்டா ஆடத் தொடங்கினால், சக்கரத்தைக் கழற்றிக் கண்மாய்த் தண்ணீரில் ஊறப்போட்டால் போதும், மரம் உப்பிப் பிடித்துக்கொள்ளும்.

பட்டா ஏறும் அந்த விளிம்புக்கும் பழைய சொல் ஒன்று உண்டு. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை, உப்பு வணிகரான உமணரின் வண்டியைச் சொல்லுமிடத்தில் 'கொழுஞ்சூட்டு அருத்திய திருந்துநிலை ஆரத்து, முழவின் அன்ன முழுமர உருளி' என்கிறது. ஆரம் என்பது ஆரக்கால். அந்த ஆரக்கால்களைச் சுற்றி வளைந்து நிற்கும் விளிம்பு மரமே சூட்டு. தச்சர் வாயில் இன்று அது வட்டை. சூட்டு என்ற சொல் மாலை சூட்டு, முடி சூட்டு என்பவற்றிலுள்ள அதே வினையின் பிள்ளை. தலையில் அணியும் மாலைக்கும் சூட்டு என்று பெயர், சேவலின் கொண்டைக்கும் சூட்டு என்று பெயர். ஆங்கிலேயன் சக்கரத்துக்கு உடை உடுத்திப் பார்த்தான். தமிழன் அதற்கும் முன்பே மாலை சூட்டியிருக்கிறான். ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் ஒரே எண்ணத்தில் வந்து நின்றிருப்பது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

சொற்பொருளை மட்டும் பார்த்தால் டயருக்குச் சூட்டைவிட நெருங்கிய தமிழ்ச்சொல் இல்லை. ஆனாலும் அதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை. 'நடுவழியில் சூட்டு உடைந்துவிட்டது' என்று எழுதினால் வாசகர் சூட்டுக் கொப்புளத்தைத்தான் நினைப்பார்.

இனி ரப்பர். காற்றடைத்த சக்கரத்துக்கு 1845இல் முதலில் காப்புரிமை பெற்றவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அது அன்றைக்கு எடுபடவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்றுசக்கர வண்டிக்காகச் செய்த காற்றுக்குழாய்தான் உலகம் சுற்றியது. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குணம் போகும் என்று 1839இல் கண்டவர் சார்லஸ் குட்இயர். அந்த முறைக்கு ரோமானியரின் நெருப்புக் கடவுளான வல்கன் பெயரை வைத்தார்கள். சாலையோரப் பஞ்சர் கடைப் பலகைகளில் வல்கனைசிங் என்று எழுதியிருக்கிறதே, அந்தக் கடவுள்தான் அங்கே குடியிருக்கிறார்.

ரப்பருக்கு மலேயா சென்ற தமிழர் வைத்துக்கொண்ட சொல் கித்தா. மரப்பாலைக் குறிக்கும் 'கெத்தா' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது அது. நாட்டுக்கோட்டை நகரத்தார் மலேயாவில் ரப்பர் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தார்கள். தோட்டங்களைச் சொந்தமாகவும் வைத்திருந்தார்கள். செட்டிநாட்டு வீடுகள் சிலவற்றின் பர்மாத் தேக்குத் தூண்களுக்குப் பின்னால் கித்தாப் பாலின் வருமானமும் உண்டு. கடல் கடந்த தோட்டத்தில் கித்தா என்றவர்கள், ஊரில் அதே பொருள் சக்கரத்தில் ஏறி வந்தபோது டயர் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

இப்போது அந்தக் குறைக்கு வருவோம். பட்டை என்றதும் மனத்தில் எழுவது தேயும் பொருள். இரும்புப் பட்டா உண்மையிலேயே தேய்ந்துதான் தீரும். ஆகவே, பட்டை தடிமனாக இருக்கிறதா, பூ, அதாவது தரையில் படும் பக்கத்திலுள்ள வெட்டுக்கோலம், அழியாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்று தோன்றிவிடுகிறது. சிறிய டிரெய்லரின் டயர் அப்படிச் சாவதில்லை. ஆத்தங்குடித் தரைக்கல் ஏற்றவும், வீட்டு விசேஷத்துக்குப் பாத்திரமும் பந்தல் சாமானும் கொண்டுபோகவும், காரைக்குடிப் பழம்பொருள் கடைகளிலிருந்து கதவு நிலைகளை எடுத்துவரவும் வைத்திருக்கும் பெட்டி வண்டி, வருடத்தில் பெரும்பகுதி சும்மா நிற்கிறது. பூவெல்லாம் புதிதாகவே இருக்கும். உள்ளே ரப்பர் வறண்டு போயிருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை வெடிக்கச் செய்கின்றன. ஓடுகிற டயரில், அதில் கலந்திருக்கும் காப்புப் பொருள்கள் நெளிவில் மேற்பரப்புக்குக் கசிந்துகொண்டே இருக்கும். நிற்கிற டயருக்கு அந்த உதவியும் குறைவு. பஞ்சர் கடைக்காரர் ஒருவர் இதை ஒரே வரியில் சொன்னார்: "டயர் புதிதுதான் அண்ணே, வயதுதான் ஆகிவிட்டது."

வயதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. டயரின் பக்கச் சுவரில் குனிந்து துடைத்துப் பார்த்தால், நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் தென்படும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் வார்த்தது. ஆறு ஆண்டு தாண்டிய டிரெய்லர் டயரை, பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும், சுமையோடு நெடுஞ்சாலையில் ஓட்டுவது சரியில்லை என்பது என் கருத்து. பக்கச் சுவரை விரலால் அழுத்தி வளைக்கும்போது முடிபோன்ற கீறல்கள் வாய் திறந்தால், ஆண்டுக் கணக்கே வேண்டாம். நிறுத்தி வைக்கும் காலத்தில் சுமையை இறக்கி, அச்சுக்கு அடியில் கட்டை கொடுத்து, சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைப்பது நல்லது. அது முடியாவிட்டால் டயருக்கு அடியில் பலகை போட்டு, மாதம் ஒருமுறை வண்டியைக் கொஞ்சம் நகர்த்தலாம். வெயில் படும் பக்கத்தைக் கித்தான் துணியால் மூடலாம். பளபளப்புக்காக டீசலும் பழைய ஆயிலும் தேய்க்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. ரப்பரை ஊறவைத்துக் கெடுப்பதற்கு அதைவிட எளிய வழி கிடையாது. சோப்புத் தண்ணீரே போதும்.

அடுத்தது, பட்டை என்ற சொல் அடியோடு மறைத்துவிடும் ஒன்று: சுமையைத் தாங்குவது ரப்பர் அல்ல, காற்று. ரப்பரும் உள்ளிருக்கும் நூலடுக்குகளும் காற்றைப் பிடித்துவைக்கும் பை மட்டுமே. காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நெளியும். கம்பியை முன்னும் பின்னும் மடக்கினால் சுடுவதுபோல அந்த நெளிவில் டயர் சூடேறும். டிரெய்லர் டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலான நேரங்களில் இந்தச் சூடுதான் காரணம். காரில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் சொல்லிவிடும். பின்னால் தனியாக வரும் பெட்டியில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. ரப்பர் துண்டு துண்டாகச் சாலையில் பறக்கும்வரை ஓட்டுநருக்குத் தெரியாமலே போய்விடும்.

ஆகவே ஒவ்வொரு முறை புறப்படும்போதும், டயர் குளிர்ந்திருக்கையில், அளவுமானி வைத்துக் காற்றைப் பார்க்க வேண்டும். காலால் உதைத்துப் பார்ப்பது கணக்கில் சேராது. நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பவுண்டு தானாகவே இறங்கும். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது அந்த டயரின் பக்கச் சுவரிலேயே இருக்கிறது. முழுச் சுமைக்கு அங்கே எழுதியிருக்கும் உச்ச அழுத்தம்தான் டிரெய்லருக்கு வழக்கம். இழுக்கும் ஜீப்பின் அளவை இதற்கு வைக்கக் கூடாது. பகல் வெயிலில் ஓடிவந்த டயரில் அழுத்தம் கூடியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து காற்றைத் திறந்துவிட்டால், ஆறிய பிறகு குறைவாக நிற்கும். வழியில் தேநீருக்கு நிறுத்தும்போது இரண்டு சக்கரத்தையும் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே காற்றுக் குறைவு, அல்லது பேரிங்கில் கிரீஸ் வற்றியிருக்கிறது.

தேய்மானம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு தேய்ந்தால் காற்று மிகுதி, ஒரே ஓரம் தேய்ந்தால் அச்சு கோணல். பூவின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றிவிட வேண்டும்.

'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்று அளவுக்கு மிஞ்சிய சுமையைப் பற்றி வள்ளுவர் சொன்னார். அவர் காலத்து வண்டியில் அச்சு முந்திக்கொண்டது. டிரெய்லரில் டயர் முந்திக்கொள்ளும். பக்கச் சுவரில் அளவை அடுத்து வரும் எண் சுமைக் குறியீடு. 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ. இரண்டு டயருக்கு 1,230 கிலோ வருகிறதே என்று அத்தனையும் ஏற்றிவிட முடியாது. பெட்டியின் சொந்த எடையும் அந்தக் கணக்கில்தான் அடங்க வேண்டும். தரைக்கல் விஷயத்தில் இங்கேதான் ஏமாறுகிறோம். பெட்டியில் பாதி உயரம்கூட வந்திருக்காது, எடை எப்போதோ தாண்டியிருக்கும்.

பஞ்சரைப் பொறுத்தவரை இந்தச் செம்மண் பூமியில் முதல் எதிரி சீமைக்கருவேல முள். பூவில் குத்திய முள்ளென்றால் டியூபை எடுத்து ஒட்டிவிடலாம். ஒட்டுவதற்கு முன் டயரின் உட்புறத்தைத் தடவி, முறிந்து நிற்கும் முனையைக் குறடால் பிடுங்கியாக வேண்டும். விட்டுவைத்தால் அதே இடத்தில் மறுபடியும் குத்தும். பக்கச் சுவர் கிழிந்த டயருக்கு ஒட்டு வேலை கிடையாது.

எந்தச் சொல்லை எழுதுவது? பேச்சிலும் கடைச் சீட்டிலும் டயர் என்பதை மாற்ற வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. பாடநூலிலும் அறிவியல் கட்டுரையிலும் தமிழ்ச்சொல்தான் வேண்டும் என்றால், இரும்புக்குப் பட்டா, திட ரப்பருக்கு உருளிப்பட்டை, காற்றடைத்ததற்குக் காற்றுருளி என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். கடைசிச் சொல் என் பரிந்துரை. காற்று முன்னால் நிற்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. டிரெய்லருக்கு இழுவைப் பெட்டி என்பது நன்றாகவே பொருந்துகிறது. சினிமா டிரெய்லரை முன்னோட்டம் என்கிறோம். படம் முடிந்த பிறகு வாலாக ஓட்டியதால்தான் அதற்கும் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்தது.

ஸ்டெப்னிக்கு மட்டும் தமிழில் தயாராக ஒரு சொல் காத்திருக்கிறது. ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரிலுள்ள ஒரு தெருவின் பெயர். 1904இல் அந்தத் தெருவில் டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருவின் பெயர் பொருளுக்கு ஒட்டிக்கொண்டது. புறநானூற்றின் 102ஆவது பாடலில் ஔவையார், மேடு பள்ளத்தில் என்ன ஆகுமோ என்று உமணர் வண்டிக்கு அடியில் கட்டிக்கொண்டு போன உபரி அச்சைச் 'சேம அச்சு' என்கிறார். அந்த வழியில் இதைச் சேமச் சக்கரம் எனலாம். சிறிய டிரெய்லர்களில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. ஜீப்பின் ஸ்டெப்னி அளவிலும் போல்ட் துளையிலும் இதற்குப் பொருந்துவதும் அரிது. வாங்கி வைத்திருப்பவர்கள் அதற்கும் மற்ற இரண்டோடு சேர்த்துக் காற்றுப் பார்க்க வேண்டும், அதன் நான்கு இலக்கங்களையும் படிக்க வேண்டும். மாற்றிப் பூட்டிய பிறகு நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்ப்பதும் அவசியம்.