வீடற்றவரை ஆதரவற்றவர் ஆக்காதீர்கள்

மார்கழிக் குளிர் இறங்கியதும் உதகை, குன்னூர், கொடைக்கானல் செய்திகளில் தவறாமல் ஒரு வரி வந்துவிடும்: ‘சாலையோரம் தங்கியிருந்த ஆதரவற்றோருக்குப் போர்வை வழங்கப்பட்டது.’ சித்திரை பிறந்து சீசன் தொடங்கும்போது அதே வரி வேறு சட்டை போட்டுக்கொள்ளும்: ‘ஆதரவற்றோர் மீட்கப்பட்டுக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டனர்.’ ஆங்கிலத்தில் ஹோம்லெஸ் என்று இருந்ததை எடுத்து, ஆதரவற்றோர் என்று வைத்து, வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டார்கள். ஹோம்லெஸ் என்றால் வீடற்றவர். ஆதரவற்றவருக்கு ஆங்கிலத்தில் டெஸ்டிட்யூட் என்று தனிச்சொல் உண்டு. இரண்டும் ஒன்றல்ல.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விடு என்ற வினையின் முதலெழுத்து நீண்டு வீடு ஆனது. கெடு கேடானது போல, சுடு சூடானது போல. சுமையை விட்டு உட்காரும் இடம் வீடு. எல்லாவற்றையும் விட்டுவிட்டால் கிடைப்பதும் வீடுதான். அறம், பொருள், இன்பம், வீடு என்று எண்ணும்போது வருகிற நாலாவது. அற்ற என்பது அறு என்ற வினையிலிருந்து வருவது. ஆங்கிலேயர்கள் கட்டடத்துக்கு ஹவுஸ், மனசு ஒட்டிய இடத்துக்கு ஹோம் என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆங்கிலத்தில் எழுதும்போது ஹவுஸ்லெஸ் என்றுதான் எழுதுகிறது. தமிழில் வீடு இரண்டையும் தாங்கும். பிரித்துக்காட்ட வேறு சொல் தேடி அலைய வேண்டாம்.

ஆதரவு வடமொழி வழி வந்தது. வடமொழி என்பதற்காக அதன்மேல் எனக்குக் கோபமில்லை. அது தப்பான ஆளின் தலையில் போய் உட்காருவதுதான் கோபம். அரசு அலுவலகத்தில் ஆதரவற்றவர் யார்? ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் வாங்கப் போகும் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வீடு இருக்கலாம், குடும்ப அட்டை இருக்கலாம், அதே தெருவில் 40 வருடம் குடியிருந்திருக்கலாம். சோறு போட ஆளில்லை என்பதற்காகத்தான் அந்தச் சான்றிதழ். இப்போது உதகைக்குப் பக்கத்தில் கேத்தி பாலாடா என்ற காய்கறி ஊர்ப்பக்கம் கேரட் அறுவடைக்கும் கழுவுவதற்கும் நடுச்சாமத்தில் லாரி ஏறுகிற கூலிக்காரரைப் பாருங்கள். கையில் கூலி உண்டு, ஊரில் பிள்ளைகள் உண்டு, சட்டைப் பையில் செல்போன் உண்டு. உதகையில் வாடகைக்கு அறை எடுக்க முடியாது. முன்பணமும் சீசன் வாடகையும் அவர் கூலிக்கு எட்டாது. அவர் வீடற்றவர். அவரை ஆதரவற்றவர் என்றால் அவரே முறைப்பார்: ‘வீடு வாசல்தாங்க இல்ல, ஆளுங்க இருக்காங்க.’

இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றமே 1985இல் பார்த்துவிட்டது. பம்பாய் நடைபாதையில் குடியிருந்தவர்களின் வழக்கான ஓல்கா டெல்லிஸ் வழக்கில் மையமே இதுதான்: அவர்கள் அங்கே கிடப்பதற்குக் காரணம் வேலை பக்கத்தில் இருப்பது, அங்கிருந்து விரட்டினால் பிழைப்பு போகும், பிழைப்பு போனால் உயிர்வாழும் உரிமை போகும். பிழைப்பு உள்ளவரைப் பற்றிய தீர்ப்பு அது. அதைத் தமிழில் சொல்லும்போது ஆதரவற்றோர் என்று போட்டால் வழக்கின் முதுகெலும்பையே உருவிவிட்டதாக ஆகும்.

சொல் மாறினால் மனு போகும் மேசையும் மாறும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ‘ஆதரவற்ற எங்களுக்கு உதவ வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தால் அது ஓய்வூதியம், முதியோர் இல்லம், சமூக நலம் என்ற பக்கம் நகரும். ‘வீடற்ற குடும்பம், வீட்டுமனைப் பட்டா வேண்டும்’ என்றால் வட்டாட்சியரிடம் போகும். ‘நகரில் வீடற்றோருக்குத் தங்குமிடம் வேண்டும்’ என்றால் நகராட்சி ஆணையரிடம் போகும். 2013இல் தொடங்கி 2024 வரை நடந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிமுறை, 1 லட்சம் நகர மக்களுக்கு ஒன்று என்ற கணக்கில், ஆண்டு முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்கும் நிலையான தங்குமிடம் கேட்டது; ஒவ்வொன்றிலும் 50 முதல் 100 பேர், தலைக்குக் குறைந்தது 50 சதுர அடி. உதகையின் மக்கள்தொகை 2011இல் 88,430தான். ஆனால் 1 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும் மாவட்டத் தலைநகரங்கள் அந்தத் திட்டத்தில் முதலிலேயே சேர்க்கப்பட்டன. தங்குமிடம் கேட்டு வாங்க வேண்டிய இடத்தில் போர்வை கேட்டு மனு எழுதினால் போர்வைதான் கிடைக்கும்.

அடுத்து வீடிலி. தனித்தமிழ் அன்பர்கள் இதை விடாமல் தூக்கிவருகிறார்கள். சுருக்கம், இலக்கணச் சுத்தம், இரண்டும் உண்மை, மறுக்கவில்லை. சிக்கல் அந்த -இலியில். அறிவிலி, நாணிலி, உணர்விலி, தாயிலி என்று மனிதரைக் குறிக்க அந்த ஈறு வரும் இடங்களை எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் திட்டு. போக்கிலி என்பது போக்கிடம் இல்லாதவரைக் குறிக்க வேண்டிய சொல். தெருவில் அது வசவாகத்தான் காதில் விழும். கணக்குப் பாடத்தில் முடிவிலி பிழைத்துக்கொண்டது, ஏனென்றால் எண்ணுக்கு ரோஷம் கிடையாது. இன்னொன்று: -இலி, இல்லாமையை அந்த ஆளின் பிறவிக் குணமாக ஆக்கிவிடுகிறது. அற்ற அப்படியல்ல. இருந்தது அறுந்துபோனது என்ற வாடை அதில் உண்டு. அற்ற குளம் என்று மூதுரை சொல்வது தண்ணீரே பார்க்காத குளத்தை அல்ல, வற்றிப்போன குளத்தை. வீடற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு காலத்தில் வீடு இருந்தது. கடன், நோய், மண்சரிவு, வேலைநீக்கம், குடும்பச் சண்டை என ஏதோ ஒன்று அறுத்துவிட்டது. அறுத்தது எது என்று கேட்க வைக்கிற சொல்லை விட்டுவிட்டு அந்த ஆளின் குறையைக் காட்டுகிற சொல்லுக்கு ஏன் போக வேண்டும்?

இந்த நீலகிரி மலையிலேயே அதற்குச் சாட்சி உண்டு. இலங்கையில் 1948 சட்டத்தால் குடியுரிமை பறிபோன தோட்டத் தொழிலாளரை நாடற்றவர் என்றுதான் தமிழ் சொன்னது. நாடிலி என்று யாரும் சொல்லவில்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பியோராக அவர்கள் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் வந்தார்கள். அவர்களுக்கு வேலை தரத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டமே தொடங்கப்பட்டது. கிடைத்தது லைன் வீடு, தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டித் தரும் குடியிருப்பு. திருக்குறள் 340இல் இரண்டு சொல் உண்டு: ஒதுங்கி இருக்கும் இடம் துச்சில், நிலையாகப் புகுந்து வாழும் வீடு புக்கில். லைன் வீடு வேலையோடு கட்டிய துச்சில். ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டும். 30 வருடம் கொழுந்து கிள்ளியவர், பேரன் பேத்தியோடு இருப்பவர், ஒரே மாதத்தில் வீடற்றவர் ஆகிறார். ஆதரவற்றவர் ஆவதில்லை. அவருக்குத் தேவை மனை, காப்பகம் இல்லை.

அதற்காக வீடற்றோர் என்பதை எல்லார் மேலும் போர்த்திவிடவும் கூடாது. கூடலூரில் பிரிவு 17 நிலத்தில் இருப்பவர்களை (1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு) சில அறிக்கைகள் வீடற்றோர் கணக்கில் சேர்க்கின்றன. அவர்களுக்கு வீடு இருக்கிறது, பட்டா இல்லை. அவர்கள் பட்டா அற்றவர்கள். இதைக் குழப்பினால் ‘வீடு கட்டித் தருகிறோம், வேறு இடத்துக்கு வாருங்கள்’ என்ற பதில் வரும். அவர்கள் கேட்டது அதுவல்லவே.

நடைபாதைவாசி சமவெளிச் சொல். சென்னையில் பொருந்தும். உறைபனி விழும் மாதங்களில் உதகையில் வெப்பம் 0 டிகிரியைத் தொட்டு நிற்கும்போது நடைபாதையில் எவரும் படுக்க மாட்டார். படுத்தால் விடியாது. கடை ஷட்டருக்கும் படிக்கட்டுக்கும் நடுவே உள்ள சந்து, நிறுத்திய லாரியின் பின்பக்கம், மண்டியில் அடுக்கிய காலிச் சாக்குகளின் நடு, பேக்கரி அடுப்பு ஒட்டிய சுவர், இப்படித்தான் இருக்கும். படுக்கையையும் பாருங்கள்: அடியில் அட்டைப்பெட்டி 2 அல்லது 3 அடுக்கு, அதன்மேல் சணல் சாக்கு, மேலே கம்பளி, கம்பளிக்கு மேல் பனி நனைக்காதபடி பிளாஸ்டிக் விரிப்பு. போர்வை தானம் செய்கிறவர்கள் மேலே போர்த்த மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். உடம்புச் சூட்டை உறிஞ்சுவது அடியில் இருக்கும் சிமென்ட் தரை. அடியில் அட்டை இல்லாமல் மேலே 2 கம்பளி போட்டாலும் நடுங்கும். நடுக்கம் நின்று பேச்சு குழறினால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள், உடனே 108க்குச் சொல்ல வேண்டிய கட்டம் அது. சாராயம் சூடு தருவது போலத் தோன்றும். தோலுக்கு இரத்தத்தைத் தள்ளி உள்ளே இருக்கும் சூட்டைத்தான் வெளியேற்றும். மூடிய இடத்தில் கரி அடுப்பு வைத்துத் தூங்குவது அதைவிட மோசம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாடையும் கிடையாது, எழுப்பவும் எழுப்பாது.

இதையெல்லாம் சொல் விளக்கத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நடைபாதைவாசி என்ற சொல்லை மனதில் வைத்துக்கொண்டு கணக்கெடுக்கப் போகிறவர் நடைபாதையைத்தான் பார்ப்பார். யாருமில்லை என்று எழுதித் திரும்புவார். 2011 கணக்கெடுப்பில் வீடற்றோரை எண்ணியது பிப்ரவரி 28 இரவு. மலையில் அது பனி இன்னும் முழுசாகப் போகாத காலம். சீசன் ஆட்கள் ஏப்ரலில்தான் ஏறுவார்கள். ஆக, குளிருக்கு ஒளிந்தவரும் விட்டுப்போவார், சீசனுக்கு வருபவரும் விட்டுப்போவார். உள்ளூரில் எண்ணுவதானால் குளிரில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று என இரண்டு இரவு எண்ண வேண்டும். இரவு 11க்கு மேல் போக வேண்டும், இரண்டு இரண்டு பேராக, அங்கே படுப்பவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு. முகத்தில் டார்ச் அடிக்கக் கூடாது. ‘வீடு இருக்கா?’ என்று கேட்டால் ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டைச் சொல்வார்கள். ‘நேத்து ராத்திரி எங்கே படுத்தீங்க?’ என்றுதான் கேட்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. தொண்டு நிறுவன அறிக்கைகளில் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது: ‘வீடற்ற தன்மையை அனுபவிக்கும் நபர்கள்.’ ஆங்கிலத்தில் மரியாதைக்காக அப்படிச் சுற்றி வளைக்கிறார்கள், சரி. தமிழில் அனுபவி என்றால் பாட்டன் சொத்தை அனுபவிக்கிற ஞாபகம்தான் முதலில் வரும். மரியாதைக்கு நம்மிடம் -ஓர் இருக்கிறது, -அவர் இருக்கிறது: வீடற்றோர், வீடற்றவர். நிலையைச் சொல்ல வீடின்மை போதும், தன்மை எதற்கு?

மீட்பு இன்னொன்று. கிணற்றில் விழுந்தவரை மீட்கலாம். சம்மதம் கேட்காமல் வேனில் ஏற்றி மலை இறக்குவதற்கு மீட்பு என்று பெயர் வைத்தால், எங்கே கொண்டுபோனார்கள், கேட்டார்களா என்ற கேள்வியே எழாது. மனநலம் குன்றி அலைபவரைப் பாதுகாப்பில் எடுப்பதற்குக்கூட 2017 மனநலச் சட்டத்தின் 100ஆம் பிரிவில் ஒழுங்கு உண்டு: 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், வீடற்றவர் என்றால் காணாமற்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து காவல் நிலையம் குடும்பத்தைத் தேட வேண்டும். காப்பகம் பற்றி நீலகிரியில் சொல்லவே வேண்டாம். முதுமலையில் புலிக்கு இருப்பது அது. மனிதர் மாலையில் வந்து காலையில் வேலைக்குப் போகும் இடம் தங்குமிடம். சாவடி நல்ல பழைய சொல், ஆனால் சுங்கமும் வாக்கும் அதைப் பிடித்துக்கொண்டன.

கிராஸ்ரூட்ஸ் ஆக்டிவிசம் என்ற ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றிய புல்வேர்ச் செயற்பாடு என்ற பெயர்ப்பைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. சோலைப் புல்வெளியை, அதில் பரவும் வெளிநாட்டுச் சீகை மரத்திடமிருந்து காப்பாற்றுகிறார்கள் போல என்றுதான் இங்கே நினைப்பார்கள். அடித்தட்டு இயக்கம் என்றால் ஏழைகளின் இயக்கம் என்று ஆகிவிடும். சொல்ல வந்தது அதுவல்ல, பாதிக்கப்பட்டவர்களே தங்கள் இடத்தில் கூடி நடத்துவது. வீடற்றோரே நடத்தும் உரிமை இயக்கம் என்று நீட்டி எழுதுங்கள், குடி முழுகாது. அதில் இருப்பவர்களைச் சமூக ஆர்வலர் என்பதையும் விட்டுவிடலாம். பறவை ஆர்வலருக்கு ஆர்வம் போதும். உரிமை கேட்பவர் செயற்பாட்டாளர்.

முகவரியற்றோர் என்று எழுதுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. வாக்காளர் பட்டியலுக்கான படிவம் 6இல் வீடற்றவர் தான் படுக்கும் இடத்தையே முகவரியாகத் தரலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒரு இரவுக்கு மேல் நேரில் வந்து அவர் அங்கே உறங்குவதைப் பார்த்தால் போதும், இருப்பிடச் சான்று வேண்டாம் என்பது தேர்தல் ஆணைய விதி. ஆகவே எந்த மனு எழுதினாலும் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், ‘ஆதரவற்றவர்’ என்றும் நிரப்பாதீர்கள். கடை, சந்து, எந்தப் பக்கத் திண்ணை என்று அடையாளம் சொல்லி, ஊர்ப்பெயரும் பின்கோடும் சேர்த்து எழுதுங்கள். இரவு எத்தனை மணிக்கு அங்கே இருப்பார் என்பதையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள். அலுவலர் 8 மணிக்கு வந்து பார்த்துவிட்டு ஆளில்லை என்று போவதில்தான் பாதி விண்ணப்பம் விழுந்துவிடுகிறது.