தந்துகி: தசைக்குள் ஓடும் இழை

தர்மபுரிப் பக்கம் கால்வலி என்று வருகிறவர்கள் "கெண்டைக்கால்ல நரம்பு இழுக்குது" என்பார்கள். ஊசி போடுவதும் நரம்பில்தான், கையில் புடைத்துத் தெரியும் சிரையும் நரம்புதான். பேச்சுக்கு இது போதும். உடலியலில் நரம்பு வேறு, இரத்த நாளம் வேறு. அந்த நாளங்களின் கண்ணுக்குத் தெரியாத கடைசிக் கிளைதான் தந்துகி.

ஆங்கிலத்தில் கேப்பிலரி. லத்தீனில் கேப்பில்லஸ் என்றால் தலைமுடி. மயிர்த்துளைக்குழாய் என்ற சொல்லும் அதை ஒட்டி வந்ததே. ஆனால் தலைமுடியின் பருமன் 50 முதல் 100 மைக்ரோமீட்டர், தந்துகியின் விட்டமோ 5 முதல் 10 தான். 7, 8 மைக்ரோமீட்டர் அகலமுள்ள சிவப்பணு, உடலை வளைத்து ஒற்றை வரிசையில்தான் அதற்குள் நுழைகிறது. 'தந்து' என்றால் வடமொழியில் நூல், இழை. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போனால், கூட்டின் மேல் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும் ஓர் இழையை விரலில் எடுத்துப் பாருங்கள். முடியைவிட எவ்வளவோ மெல்லியது அது. தந்துகி அதைவிடவும் மெல்லியது. வேர் வடமொழியானாலும் தந்துகிதான் எனக்குப் பிடித்த சொல்.

எலும்போடு ஒட்டியிருந்து உடலை அசைக்கும் எலும்புத்தசைக்கு இந்தச் சொல் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. 'தந்துகி வலை' என்று பொதுவாக எழுதிவிடுகிறோம். நுரையீரலின் காற்றறைகளைச் சுற்றி இருப்பது வலைதான். தசையிலோ பெரும்பாலான தந்துகிகள் தசைநார்களை (தசையின் நீண்ட செல்களை) ஒட்டி நீளவாக்கில், ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. இடையிடையே குறுக்கிணைப்புகள் உண்டு. தசை சுருங்கினால் நேராக இருந்தவை நெளிந்துகொள்ளும், நீண்டால் நிமிரும். சுவர் ஒரே ஓர் அடுக்குச் செல்தான். அதனால் ஆக்சிஜன் சுலபமாக நாருக்குள் போய்விடுகிறது.

தீர்த்தமலைப் படி ஏறும்போது கெண்டைச்சதையில் நடப்பது இதுதான். ஓய்வில் 100 கிராம் தசைக்கு நிமிடத்துக்குச் சில மில்லிலிட்டராக இருக்கும் இரத்த ஓட்டம், கடும் உழைப்பில் 50 மில்லிலிட்டரையும் தாண்டும். நுண்தமனிகள் விரிந்து கொடுப்பதால்தான் இது முடிகிறது. ஒவ்வொரு கடைசி நுண்தமனியும் ஒரு கொத்துத் தந்துகிகளுக்கு இரத்தம் தருகிறது. தொடர்ந்து நடந்து, ஓடிப் பழகியவர்களின் தசையில் ஒரு நாருக்கு இத்தனை தந்துகி என்ற கணக்கே கூடிவிடும்.

1628இல் இங்கிலாந்து மருத்துவர் ஹார்வி இரத்தச் சுற்றோட்டத்தை விளக்கியபோது, தமனியையும் சிரையையும் இணைப்பது எது என்று கண்ணால் காண முடியவில்லை. 1661இல் இத்தாலிய மருத்துவர் மால்பிகி தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியே தந்துகியைக் கண்டார். தசையின் தந்துகி ஓட்டம் எப்படிக் கட்டுப்படுகிறது என்று ஆராய்ந்த டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோக் 1920இல் நோபல் பரிசு பெற்றார். ஓய்வில் பெரும்பாலான தந்துகிகள் மூடிக்கிடக்கும் என்பது அவர் கருத்து. ஓய்விலும் பலவற்றில் இரத்தம் ஓடுவதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின.

தந்துகியையே 'நுண்நாளம்' என்றும் எழுதுகிறார்கள். குழப்பம் அங்கேதான். நுண்தமனி, தந்துகி, நுண்சிரை மூன்றுக்கும் பொதுவாக நுண்நாளம் என்பதை வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் இழைக்கு மட்டும் தந்துகி என்று எழுதலாம். தசையில் உள்ள மொத்த அமைப்பையும் குறிக்க 'எலும்புத்தசை நுண்நாளத் தொகுதி' என்பதே சரி.