பிளாட்பாரம்: நடைமேடையா, நடைபாதையா?

“பிளாட்பாரத்துல ஏறி நட” என்று சின்ன வயதில் அதட்டு வாங்காதவர்கள் குறைவு. அந்த ‘ஏறி’யைக் கவனியுங்கள், சொல்லோடு ஒரு படியும் சேர்ந்தே வருகிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ரயில் ஏறும் மேடை, பேச்சாளர் ஏறும் மேடை என்றெல்லாம் பொருள் உண்டு, தெருவோரப் பாதை என்று இல்லை. தெருவோரம் நடக்கிற இடத்தை ஆங்கிலேயர்கள் பேவ்மெண்ட் என்பார்கள், அமெரிக்கர்கள் சைட்வாக் என்பார்கள். பிளாட்பாரம் என்பது நம் ஊர்க் கைவண்ணம். கடன் வாங்கியதைத் திருப்பித் தராமல் கடைசியில் ‘அம்’ ஒட்டி, பட்டணத்தில் என்பதுபோலப் பிளாட்பாரத்தில் என்று உருபும் ஏற்றி, பிளாட்பாரக் கடை வரைக்கும் கொண்டுவந்துவிட்டோம்.

மூலம் பிரெஞ்சு. முன்பாதிக்குத் தட்டை என்று பொருள், பின்பாதிக்கு வடிவம். ஆபீஸில் பூர்த்தி செய்து கொடுக்கிறோமே, அந்த ‘பாரம்’தான் இது. ஆக, தட்டையான வடிவம், அவ்வளவுதான். உயரம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. நடைமேடை, நடைபாதை. ரயில் நிலைய அறிவிப்பில் வரும் நடைமேடை கச்சிதமானது, ஏனென்றால் பெட்டிக்குள் கால் வைக்க அங்கே மேடை வேண்டும். தெருவுக்கும் அதையே சிலர் எழுதுகிறார்கள். நான் அதற்கு எதிர்க்கட்சி.

எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டி, அதற்குப் போட்ட மூடியையே பிளாட்பாரம் ஆக்கியிருக்கிறார்கள். முழங்கால் உயரம். அம்மா மின்கம்பத்தில் ஒரு கையை ஊன்றி, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, ஒரு மூச்சு நிறுத்தி ஏறுவார். இருபதடி நடந்தால் ஒரு வீட்டு கேட், கார் இறங்குவதற்காக அந்த இடத்தில் மேடையை வெட்டிச் சரிவு போட்டிருப்பார்கள், அதனால் இறங்கி மறுபடி ஏற வேண்டும், அடுத்த வீட்டிலும் இதே கதை, மூன்றாவது கேட்டில் அம்மா பேசாமல் ரோட்டுக்கே வந்துவிடுவார். பின்னால் பைக்கில் வருகிறவர் ஹாரன் அடித்துவிட்டு, “பிளாட்பாரம் எதுக்கும்மா இருக்கு?” என்பார்.

சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐஆர்சி 103 வழிகாட்டி இதற்கு அளவே கொடுத்திருக்கிறது. விளிம்புக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதாவது அரையடி. தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம், தரையிலிருந்து 2.2 மீட்டர் உயரம் வேண்டும். டிரான்ஸ்பார்மரையும் நட்ட மரத்தையும் கழித்துவிட்டு மிஞ்சுவதைத்தான் அகலம் என்று கணக்கு வைக்க வேண்டும். கேட் வரும் இடத்தில் பாதை அதே மட்டத்தில் தொடர, கார்தான் ஏறி இறங்கிப் போகும்படி அமைப்பதே நல்ல வடிவமைப்பு. 2019இல் சென்னை பாண்டி பஜாரில் அகலப்படுத்திய நடைபாதையில் நடந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் காலிலேயே தெரிந்திருக்கும்.

அப்புறம், மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களிடம் ஒரு சொல் இருக்கிறது: அஞ்சடி. கீழே கடை, மேலே வீடு என்று இருக்கும் கடைவீடுகளின் முன்னே கூரைக்குக் கீழே தொடர்ந்து ஓடும் வழி. 1822இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்தபோது, வீடுதோறும் முன்புறம் இப்படி ஒரு திறந்த தாழ்வாரம் விட வேண்டும் என்றார். மலாயில் காக்கி லீமா, ஐந்து அடி. நம் சொல் உயரத்தைச் சொல்ல, அவர்கள் சொல் அகலத்தைச் சொல்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைதான்.

‘பாதை’ தமிழா என்று சண்டைக்கு வருகிறவர்கள் நடைவழி என்று எழுதிக்கொள்ளலாம், மறுப்பில்லை. அஞ்சடியைப் பார்த்து நாமும் ஒன்று வைக்கலாமே என்றால், 1.8 மீட்டருக்குக் கிட்டத்தட்ட ‘ஆறடி’ என்று வரும். தமிழில் ஆறடி என்றால் எந்த நிலம் நினைவுக்கு வரும் என்று தெரியும்தானே, அதனால் நடைபாதையே இருக்கட்டும்.