அடிப்படைச் சட்டம்: மலைமேல் பேசி முடிவான சொல்

ஜெர்மனியின் ‘குருண்ட்கெசெட்ஸ்’ என்ற சொல்லைத் தமிழில் ‘அரசியல் சாசனம்’ என்று எழுதிவிடுவது சுலபம். விஷயம் புரிந்துவிடும், சரி. ஆனால் அதை எழுதியவர்கள் எந்தச் சொல் வேண்டாம் என்று மல்லுக்கட்டினார்களோ, அதையே அவர்கள் தலையில் கட்டுகிறோம்.

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியை, வென்ற நாடுகள் பகுதி பிரித்து ஆண்டுகொண்டிருந்த நேரம். 1948 ஜூலை 1 அன்று அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு இராணுவ ஆளுநர்கள் மேற்கு ஜெர்மனியின் 11 மாநிலத் தலைவர்களை பிராங்பர்ட்டுக்கு அழைத்து, அரசியல் நிர்ணய சபையைக் கூட்டச் சொன்னார்கள். தலைவர்கள் ஜூலை 8 முதல் 10 வரை கோப்ளென்ஸில், ரைன் நதியைப் பார்த்த மலை விடுதி ஒன்றில் கூடினார்கள். இடத்தின் பெயர் ரிட்டர்ஷ்டுர்ட்ஸ். ‘ரிட்டர்’ குதிரைவீரன், ‘ஷ்டுர்ட்ஸ்’ விழுதல். நம்மூராக இருந்தால் ‘வீரன் விழுந்தான் பாறை’ என்றிருப்போம். மண்சரிவு பயத்தால் 1974இல் விடுதியை இடித்துவிட்டார்கள். 1978 முதல் அங்கே நினைவுச்சின்னம் நிற்கிறது.

அங்கே கூடிய மாநிலத் தலைவர்களுக்கு இருந்த தயக்கம் இதுதான்: கிழக்கே சோவியத் பகுதி இருக்க, மேற்குக்கு மட்டும் ‘ஃபெர்ஃபாஸுங்’, அதாவது முழு அரசியல் சாசனம், எழுதினால் பிரிவினைக்கு முத்திரை குத்தியதாகிவிடும். இந்தச் சொல்லின் வினைக்கு எழுதி ஆக்குதல், இயற்றுதல் என்று பொருள். இலங்கைத் தமிழர் சொல்லும் ‘அரசியல் யாப்பு’ இதற்கு அச்சாகப் பொருந்தும். யாத்தல் என்றால் கட்டுதல், செய்யுள் இயற்றுதல்.

அதை விட்டு அவர்கள் எடுத்தது குருண்ட்கெசெட்ஸ். புதுச் சொல் அல்ல, பழைய சட்டச் சொல்தான். ‘குருண்ட்’ நிலம், அடித்தளம். ‘கெசெட்ஸ்’ சட்டம், ‘வை’ என்னும் வினையோடு உறவுள்ளது. ‘அடித்தளச் சட்டம்’ இன்னும் நெருக்கம்தான், ஆனாலும் ஹாங்காங் செய்திகளில் ஏற்கெனவே பழகிப்போன ‘அடிப்படைச் சட்டம்’ போதும். (தமிழில் சட்டம் என்றால் மரச்சட்டமும்தான். கதவு வைக்கும் முன் நிறுத்தும் சட்டத்தை நினைத்தால், தற்காலிக ஏற்பாடு என்ற அவர்கள் எண்ணத்துக்கு அதுவும் ஒத்துப்போகிறது.)

ஆளுநர்கள் முகம் சுளித்தாலும் அந்த மாதக் கடைசியில் இசைந்தார்கள். 1949 மே 23 அன்று சட்டம் அறிவிக்கப்பட்டது. 1990இல் நாடு ஒன்றான பிறகும் பெயர் மாறவில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் கடைசிப் பிரிவான 146ஐப் பார்த்துக்கொள்வது நல்லது. ஜெர்மன் மக்கள் சுதந்திரமாக முடிவுசெய்த ஒரு ஃபெர்ஃபாஸுங் நடைமுறைக்கு வரும் நாளில் இந்தக் குருண்ட்கெசெட்ஸ் செல்லாமல் போகும் என்கிறது அது. இரண்டுக்கும் ‘அரசியல் சாசனம்’ என்றே போட்டால், சாசனம் வந்ததும் சாசனம் காலாவதி என்று எழுத வேண்டிவரும்.