ஹெர்பிசைடு, களைக்கொல்லி: இயற்கை மருந்துன்னா களை தப்பிக்காதா?

ஹெர்பிசைடு லத்தீன் வழியா வந்த சொல்லு. ஹெர்பான்னா புல் பூண்டு, பின்னாடி வர்ற சைடு கொல்றதைக் குறிக்கும், பெஸ்டிசைடுல இருக்கிற அதே சைடுதான். தமிழ்ல களைக்கொல்லி, ஊர்ப்பேச்சுல களை மருந்து இல்லன்னா புல்லு மருந்து. களைங்கிறது ரொம்பப் பழைய சொல்லுங்க, களையுறதுன்னா பிடுங்கி நீக்குறது, அப்படி நீக்க வேண்டிய செடிதான் களை. குறள் 1038ல எருவைப் பத்தி பேசிட்டு "கட்டபின்"னு வரும், களையெடுத்த பிறகுன்னு அர்த்தம், 550லயும் பயிருக்கு நடுவுல களையெடுக்கிறதுதான் உவமை.

லத்தீன் சொல்லுக்கு எந்தச் செடியும் ஒண்ணுதான், ஆனா தமிழ்ச் சொல்லு களையை மட்டும் சொல்லுது, இந்த வித்தியாசம் வயல்ல ரொம்ப முக்கியம். வாட்ஸ்அப்ல இயற்கை களை மருந்துன்னு சுத்துற வினிகர், உப்பு, சோப்புத் தண்ணி கலவை பட்ட இலையை எல்லாம் கருக்கும், பயிரையும் சேர்த்துத்தான். கோரை மாதிரி மண்ணுக்குள்ள கிழங்கு வச்சிருக்கிறது திரும்ப முளைச்சு வந்துடும், உப்பு மண்ணுலயே தங்கி நிலத்தைக் கெடுக்கும். தயவுசெஞ்சு உப்பை வயல்ல ஊத்தாதீங்க.

செடியில இருந்து நல்ல மருந்தே வராதான்னா வந்திருக்கு. 1977ல கலிஃபோர்னியாவுல பாட்டில்பிரஷ்னு பூ பாட்டில் கழுவுற பிரஷ் மாதிரி இருக்கிற செடிக்கு அடியில மத்த செடி அதிகமா முளைக்கலைன்னு கவனிச்சு, அதுல இருந்து லெப்டோஸ்பெர்மோன்ங்கிற ஒரு பொருளைப் பிரிச்சாங்க. அது தனியா அவ்வளவு வீரியம் இல்ல, அதனால அதோட அமைப்பை மாத்தி மெசோட்ரியோன்ங்கிற களைக்கொல்லியைச் செஞ்சு 2001 வாக்குல மக்காச்சோளத்துக்குக் கொண்டு வந்தாங்க, பட்ட களை வெளுத்துப்போய் சாகும். ஆனா 2009 வாக்குலயே இல்லினாய்ல வாட்டர்ஹெம்ப்னு ஒரு களை, நம்ம தண்டுக்கீரை இனம்தான், இந்த வகை மருந்துக்குத் தப்பிச்சு நின்னுச்சு.

இதுக்குப் பேரு ரெசிஸ்டன்ஸ், தமிழ்ல களைக்கொல்லி எதிர்ப்புத்திறன், விவசாயிங்க "மருந்து கேக்கல"ன்னு சொல்றது பல நேரம் இதுதான் (அளவு குறைஞ்சாலும், அடிச்ச உடனே மழை பெஞ்சாலும் கேக்காது, அது வேற). செடி மருந்துக்குப் பழகிடுச்சுன்னு சொல்றது தப்பு. லட்சக்கணக்கான செடியில ஏதோ ஒண்ணு ரெண்டு பிறவியிலேயே மருந்தைத் தாங்குறதா இருக்கும், மத்ததெல்லாம் செத்ததும் அது மட்டும் விதை போடும், அதே மருந்தையே வருஷா வருஷம் அடிச்சா வயல் முழுக்க அதோட வாரிசுதான். வாட்டர்ஹெம்ப் ஒரு செடியே லட்சக்கணக்குல விதை கொட்டும். மருந்து இலையில இருந்து வந்துச்சா ஃபேக்டரியில வந்துச்சாங்கிறது இதுல எதையுமே மாத்தாது. கைக்களைக்குக்கூட இது நடந்திருக்கு, சீனாவுல நெல்வயல்ல காலங்காலமா கையால எடுத்து எடுத்து, கண்ணுக்குத் தப்பின குதிரைவாலிப் புல்லு நாத்து மாதிரியே நிமிர்ந்து வளர்ற வகையாவே ஆயிடுச்சு.

அதனால எந்த மருந்துன்னு தேடுறதுக்கு முன்னாடி மூடாக்கு (வைக்கோல், இலைதழையால மண்ணை மூடுறது), பயிர் சுழற்சி, கோனோவீடர் (நெல்வயல்ல தள்ளிக்கிட்டே களையெடுக்கிற கருவி)னு வழியை மாத்தி மாத்திப் போடுங்க, மருந்துக்குத் தப்பி நிக்கிற செடி கண்ணுல பட்டா பூக்கிறதுக்கு முன்னாடியே வேரோட பிடுங்கிடுங்க.